சாட்சிக்குப் போட்ட புளிசாதம்

பிள்ளைகளுக்காகப் பயப்படுகிற பெற்றோரால் பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்து, மற்ற எல்லா ஆபத்துகளையும்விடப் பெரியது. இதை நான் எந்தப் பேச்சிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மகள் நடத்திய ஊழல் வழக்கின் முக்கியமான சாட்சியை, கோர்ட் வராந்தாவில் வைத்து, என் கையாலேயே சோறு போட்டுக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

மகள் பெயர் யசோதரா. சட்டம் படித்து முடித்ததும் ராணுவத்தின் சட்டப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தாள். அவள் எல்லையில் இருந்த காலமெல்லாம் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு டிவியில் செய்தி ஓடாத நேரமில்லை. (குண்டு விழுந்தால் எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்ற எண்ணம்.) விடுமுறையில் வந்தபோது, அங்கே தன் மேல் விழுந்த ஒரே பொருள் பீரோவிலிருந்து சரிந்த ஃபைல் கட்டுதான் என்றாள். ராணுவத்தை முடித்துக்கொண்டு தொம்மலூரில் ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடிக் கட்டிடம், குளிர்சாதனம், வாசலில் வந்து நிற்கும் கார். சில வருடங்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒருநாள் அதையும் விட்டுவிட்டு, தேர்வெழுதி, மத்திய அரசின் விசாரணை அமைப்பு தொடுக்கும் வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞராகிவிட்டாள். பயம் பழைய சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

தனியாக நடத்தும் முதல் வழக்கு வந்தது. ஓர் அரசு நிறுவனத்தின் கிடங்குக்கு வராத கேபிள் உருளைகளை வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி மீது வழக்கு. உருளைகள் வரவில்லை என்று வாசல் ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்த பழைய காவலாளி ஒருவர்தான் முக்கிய சாட்சி. அவர் நின்றால் வழக்கு நிற்கும், அவர் விழுந்தால் வழக்கு விழும். யசோதரா அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். இவ்வளவையும் சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"நைனா, நாளைக்கு நீ கோர்ட்டு பக்கமே வரக்கூடாது."

"நான் ஏம்மா வரப்போறேன்?"

"வருவ. ஸ்கூல் ஆண்டுவிழாவுல நான் மேடையில வசனம் பேசறப்ப, கீழ உக்காந்துக்கினு கூடவே வாயசைச்ச ஆளு நீ."

(உண்மைதான். இரண்டு வரி அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.)

மறுநாள் காலை அவள் போனபின் பார்த்தால், அவளுடைய டிபன் டப்பா மேஜைமேலேயே இருந்தது. மறந்தாளா, பதற்றத்தில் வேண்டாமென்று விட்டுப் போனாளா என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. நான் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அன்று எனக்கு வகுப்பு மதியத்துக்கு மேல்தான். நர்ஸாக இருக்கும் என் மனைவி சகுந்தலா காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. யசோதரா ஏழாம் வகுப்பில் மூன்று டப்பாக்களைத் தொலைத்தாள். நான்காவதை வாங்கியபோது சகுந்தலா பாத்திரக் கடையிலேயே மூடியில் பெயர் வெட்டச் சொல்லிவிட்டாள்: "எம். யசோதரா, 7-பி". அதற்குப் பிறகு அது தொலையவேயில்லை. ராணுவத்துக்கும் போய் வந்தது, கம்பெனிக்கும் போய் வந்தது.

கோர்ட் வராந்தாவில் அவளைத் தேடினேன், காணவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டையை இன் செய்துகொண்டு ஒரு பெரியவர். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, நெற்றியெல்லாம் வியர்வை. போனில் யாரிடமோ, "ஒரே பேஜாரா கீது, எப்ப கூப்புடுவாங்கன்னே தெரீல" என்று சொல்லி வைத்தார். அந்தப் பேச்சைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது.

"தங்கவயலுங்களா?"

"ஆமா சார், மாரிக்குப்பம்."

"எந்த லைனு?"

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லைன் என்போம். என் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த ஊர்க்காரர் இருவர் உலகத்தில் எங்கே சந்தித்தாலும், பெயருக்கும் முன்னால் லைனைத்தான் கேட்டுக்கொள்வார்கள். லைன் தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் அந்நியர் இல்லை. இவர் எங்கள் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி. பெயர் இருதயராஜ். விடியற்கால ரயிலில் வந்தவர், சர்க்கரை நோய்க்காரர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

நம் லைன்காரர் பசியோடு உட்கார்ந்திருக்க, மடியில் புளிசாதத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? மகளுக்கு கேண்டீனில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டேன். அவர் கூச்சப்பட்டார், பிறகு சாப்பிட்டார். நான்கு வாய் போனதும் கை நடுக்கம் நின்றது. அப்போது அவர், தான் சாட்சி சொல்ல வந்ததாகவும் பயமாக இருப்பதாகவும் சொன்னார். முப்பது வருட வாத்தியாருக்கு இது போதாதா? பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். கேள்வியை முழுதாகக் கேளுங்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகளைப் பற்றியும் ஆரம்பித்துவிட்டேன். லைன் நம்பரைக் கேட்ட நான், வழக்கு நம்பரைக் கேட்கவில்லை.

எதிரே தூணருகில் ஒரு இளம் வக்கீல் எங்களையும் டப்பாவின் மூடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, அவரைப் பார்த்தும் சிரித்து வைத்தேன்.

டவாலி வெளியே வந்து "இருதயராஜ்" என்று மூன்று முறை கூப்பிட்டார். அவர் பின்னாலேயே கறுப்பு கவுனில் யசோதரா வந்தாள். முதலில் சாட்சியைப் பார்த்தாள், பிறகு அவர் கையிலிருந்த டப்பாவை, கடைசியாக என்னை.

"நைனா. அவரு யாருன்னு தெரியுமா?"

"நம்ம ஊர்க்காரர்மா, மாரிக்குப்பம்."

"என் சாட்சி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்திச் சமாளித்திருப்பேன். தூணருகில் நின்ற இளம் வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர். அவர் அதற்குள் உள்ளே ஓடியிருந்தார். வழக்கு நடத்துபவரின் அப்பாவே சாட்சிக்குச் சோறு போட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று அவர்கள் சொன்னால், யார் மறுக்க முடியும்? நடந்ததே அதுதான்.

நான் கடைசி பெஞ்சின் மூலையில் போய் ஒடுங்கினேன். இருதயராஜ் கூண்டில் ஏறினார். அவர் சத்தியப் பிரமாணம் எடுப்பதற்கு முன்பே யசோதரா எழுந்தாள். ஒரு நிமிடம் முன்பு வராந்தாவில் நடந்ததை, தான் அறிந்தவரை, ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் நீதிபதியிடம் சொன்னாள். சாட்சி சாப்பிட்டது தன் வீட்டுச் சாப்பாடு, கொடுத்தது தன் தந்தை, அவர் யாரென்று தெரியாமல் கொடுத்தார், பேசியது என்னவென்று தனக்குத் தெரியாது, எதிர்த்தரப்பு தாராளமாகக் கேட்கலாம். நிமிர்ந்து நின்று, குரல் உயராமல் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்தவர், சொல்வதற்கு வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டதால், மீண்டும் உட்கார்ந்தார்.

ஆனாலும் தன் முறை வந்தபோது அவர் விடவில்லை. அந்தப் பெரிய மனிதர் உமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று இருதயராஜிடம் கேட்டார்.

"வாத்தியாராம் அவரு. தெரிலன்னா தெரிலன்னு சொல்லச் சொன்னாரு."

"வேறு?"

இருதயராஜ் கேள்வியை முழுதாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னார்.

"அவரு பொண்ணு மிலிட்ரில இருந்துச்சாம். ஆனா பல்லின்னா பயமாம். கல்யாணத்துக்கு மாப்ள பாக்குறாங்களாம், ஒத்துக்கவே மாட்டேங்குதாம். அது அந்த மேடம்தான்னு எனக்கு இப்பதான் தெரியும், சாமி."

கோர்ட்டில் யாரும் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. என் மகள் மட்டும் தன் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுகள் சிவந்திருந்தன. நீதிபதி டப்பாவைக் காட்டச் சொன்னார். மூடியைப் படித்தார். எங்கே அந்த அப்பா என்று கேட்டார். நான் எழுந்தேன். (எழுந்தது நான் என்று சொல்ல முடியாது. முன் பெஞ்சைப் பிடித்திருந்த என் கைகள் எழுந்தன, நான் கூடப் போனேன்.)

அவர் கன்னடக்காரர். வாத்தியாரே என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி, மற்றதை நல்ல தமிழில் கேட்டார். "மேஷ்ட்ரே, மகளுக்குக் கட்டினதை சாட்சிக்குக் கொடுத்துட்டீங்க. மகளுக்கு என்ன?"

முப்பது வருடமாகக் கேள்வி கேட்டே பிழைத்த நான், பாடம் படிக்காத பிள்ளை மாதிரி கைகட்டி நின்றேன்.

எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னார். விசாரணை தொடர்ந்தது. அதற்குப் பிறகு இருதயராஜ் நடுங்கவில்லை. வாசல் ரிஜிஸ்டரின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். இரண்டு இடத்தில் தெரியாது என்றார்.

வெளியே வந்தபின் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். யசோதரா என்னை கேண்டீனுக்குக் கூட்டிப்போய் இரண்டு இட்லி வாங்கி எனக்கு ஒன்று வைத்தாள். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு நைனா. தப்பு நடந்தா அடுத்தவன் சொல்றதுக்குள்ள நீயே போய்ச் சொல்லணும்னு மிலிட்ரில பழக்கினாங்க. கம்பெனில சொந்தக்காரன் சம்பந்தப்பட்டா மொதல்ல எழுதிக் குடுத்துடணும். அதான் செஞ்சேன்." குண்டுக்குப் பயந்து நான் தூங்காத இரவுகளிலும், கண்ணாடிக் கட்டிடத்தை நம்பி நன்றாகத் தூங்கிய இரவுகளிலும், அவள் இதைத்தான் கற்றுக்கொண்டிருந்தாள் போலும்.

பல மாதம் கழித்து வந்த தீர்ப்பில் ஒரு வரியை அவள் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டதையும், அவருக்குப் பல்லி என்றால் பயம் என்பதையும்கூட மறைக்காத இந்தச் சாட்சியை நம்பலாம் என்று நீதிபதி எழுதியிருந்தார். அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. அந்த நீதிபதிக்கும், என்னைக் கடைசிவரை சார் என்றே கூப்பிட்ட இருதயராஜுக்கும், என்னை ஒரு வார்த்தை திட்டாத மகளுக்கும் நான் பட்டிருக்கும் கடன், எந்தக் கணக்கு வாத்தியாராலும் கூட்டிச் சொல்ல முடியாதது.

இப்போதெல்லாம் யசோதரா டப்பாவை மறப்பதில்லை. வீட்டுக்கு யாராவது வந்து, நான் தட்டெடுத்து வைக்கப் போனால், சமையலறையிலிருந்து சகுந்தலாவின் குரல் வரும்.

"ஏங்க, போடறதுக்கு முன்னால கேட்டுக்குங்க. அவரு எந்தப் பக்கத்து சாட்சி?"