எண்பது றாத்தல்

“கதவக் கழட்டியாச்சு, மருந்துத் தொட்டியக் கழட்டியாச்சு. இன்னும் என்னத்தங்கய்யா கழட்டணும்?” என்றான் வீரய்யா.

“பொறுடா. அவரு சப்பாத்தையே கழட்டிட்டாரு பாரு,” என்றார் கணக்கப்பிள்ளை இக்னேசியஸ்.

உண்மைதான். ஹெலிகொப்டர் ஓட்ட வந்த வெள்ளைக்காரர் வெறும் காலுறையோடு ஈரப்புல்லில் நின்றுகொண்டிருந்தார். பாரம் ஒரு றாத்தல் குறைந்தாலும் லாபம் என்று இடுப்பு வாரையும் உருவி வீரய்யாவின் தோளில் போட்டிருந்தார்.

தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் கண்டிருந்தது. ஆகாயத்திலிருந்து மருந்தடிக்கலாமா என்று பார்க்க, புது மாதிரி விசிறி பூட்டிய அந்தப் பரீட்சை வண்டி முதல்நாள்தான் அக்கரப்பத்தனைக்கு வந்து இறங்கியது. ஆறாயிரம் அடி உயரத்து அடர்த்தி குறைந்த காற்றில் அது எவ்வளவு தூக்கும் என்று அதைச் செய்த கம்பெனிக்கும் தெரியாது.

அன்றிரவு மழையில் மலை சரிந்து ரோட்டை மூடியது. விடிந்தபோது வீரய்யாவின் பெண்சாதி பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சுருண்டு கிடந்தாள். குடல் முறுக்கு, பொழுது சாயுமுன் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார் தோட்டத்து மருந்தையா. மருந்துக்காம்பராவின் தராசில் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். எண்பது றாத்தல்.

ஹெலிகொப்டரில் அவளைக் கொண்டுபோக முடியுமா என்று தோட்டத்துத் துரை போய்க் கேட்டார். பறக்கும் துரை என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த வெள்ளைக்காரர் மனுசர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிடியாக நின்றார்: முதலில் எண்பது றாத்தல் மண்ணோடு வண்டி எழும்ப வேண்டும், பிறகுதான் ஆள். பத்து மணிக்கு முகில் இறங்கிவிடும், அதற்குள் முடிய வேண்டும்.

“கணக்கப்பிள்ள, மண்ணு நிறுத்துப் போடு!” என்றார் தோட்டத்துத் துரை.

இந்த வேலைக்கு இக்னேசியஸை விட்டால் ஆள் கிடையாது. பத்தொன்பது வருசமாகக் கொழுந்து நிறுப்பவர். தராசு முள் நிற்குமுன்பே வாய் தானாகக் கூவும். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, கொழுந்துத் தராசை மரக்கிளையில் மாட்டினார்.

“இருபது! அடுத்தது, இருபது!”

நாலு மூட்டை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவனான வீரய்யா, கொழுந்து நிறுக்கும் பக்கமே போகாதவன், ஒவ்வொன்றையும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்த படுக்கையில் வைத்தான். விசிறி சுழன்றது. புல் படுத்தது. வண்டி ஒரு சாண் எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தது.

“ஒரு சாண் வந்துச்சுய்யா! கண்ணால பாத்தேன்!” வீரய்யா குதித்தான்.

“பாரம் ஒரே பக்கமா இழுக்குது. சின்னதாப் பிரிச்சு ரெண்டு பக்கமும் வைப்போம்,” என்றார் இக்னேசியஸ். தனக்குத் தெரிந்த இங்கிலீசில் அதைச் சொல்லவும் செய்தார். பறக்கும் துரை தலையாட்டினார்.

பழைய மூட்டைகளைக் கொட்டிப் புதிதாக எட்டு மூட்டை. “பத்து! பத்து! பத்து!”

இந்த முறை வண்டி ஒரு விரல்கூட எழும்பவில்லை.

துரைமார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பறக்கும் துரை சட்டையையும் கழற்றினார். குளிரில் தோல் சிவந்தது.

“இன்னும் சின்னதாப் பிரிப்போம்ங்கய்யா,” என்று வீரய்யா கெஞ்சினான்.

பதினாறு மூட்டை. “அஞ்சு! அஞ்சு!” என்று இக்னேசியஸ் தொண்டை கட்டக் கூவினார். விசிறி அலறியது. வண்டியின் கால்கள் நாலு விரற்கடை சேற்றில் இறங்கின.

“இன்னொருக்காப் பிரிச்சா பூமிக்குள்ளாற போயிரும்டோய்!” என்றான் லொறி ஓட்டும் சின்னத்தம்பி. நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீரய்யா திரும்பியதும் சிரிப்பு அடங்கியது.

பறக்கும் துரை ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. “ஐந்தா?” என்று இங்கிலீசில் கேட்டார்.

“அஞ்சு, சேர். கரெக்ட், சேர்.” இக்னேசியஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

துரை மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். பத்தொன்பது வருசத்துத் தராசுக்காரரை எப்படிச் சந்தேகிப்பது?

“மண்ணு வேணாஞ்சாமி, அவளையே வச்சுப் பாருங்க!” வீரய்யா சேற்றில் விழுந்து அவர் காலுறையைப் பிடித்துக்கொண்டான். “அவ கனக்க மாட்டா சாமி, தக்கையா இருப்பா!”

பறக்கும் துரை அவனைத் தூக்கிவிட்டார். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது, அதுதான் வரவரத் தூக்கமாட்டேன் என்கிறது என்று தோட்டத்துத் துரையிடம் சொன்னார். இந்த விசிறி இந்த மலைக்கு ஆகாது என்று கொப்பியில் எழுதினார். சப்பாத்தை மாட்டினார். வீரய்யா தோளில் கிடந்த வாரை எடுத்துக் கொடுத்தான். முகில் இறங்கியது.

பூரணியைக் கம்பளியில் கிடத்தி, கம்பு கோத்து நாலு பேர் தூக்கினார்கள். அவளோடு கூடக் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி தலையைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். விடிந்ததிலிருந்து பூரணியின் பக்கத்திலேயே இருந்தவள், மண் நிறுத்ததைப் பார்க்கவில்லை. இக்னேசியஸும் குடையோடு போனார்.

மண்சரிவில் முழங்கால்வரை புதைந்தது. ஓரடி ஏறினால் இரண்டடி வழுக்கியது. பாதி கடக்கும்போது நாகலெட்சுமி, “எறக்குங்க,” என்றாள். இறக்கினார்கள். பூரணியின் கண் திறந்தபடி இருந்தது. அதில் மழை விழுந்தும் இமைக்கவில்லை.

வீரய்யா அழவில்லை. அவள் காலில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்துக்கொண்டே இருந்தான்.

இக்னேசியஸ் குடையை அவளுக்கு மேலே பிடித்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“என்னால ஆனதெல்லாம் செஞ்சேன்டா வீரய்யா. நாலா நிறுத்தேன், எட்டா நிறுத்தேன், பதினாறாவும் நிறுத்தேன். வழக்கமா எப்படி நிறுப்பேனோ அப்படியே நிறுத்தேன். அந்த வண்டிக்குத்தான் சத்து இல்ல.”

நாகலெட்சுமி பூரணியின் கண்ணை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப மண்ணுக்கும், எங்க கொழுந்துக்கு ஈரம், சாக்குன்னு கழிக்கிற மாதிரியே, மூட்டைக்கு நாலு றாத்தல் கழிச்சுத்தான் கூவுனீங்களாய்யா?”