நாலு கணினிக்கும் அப்பா பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தில் முதலில் நலம் எழுத வேண்டும் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். தம்பி நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனபின் நம் தட்டச்சுக் கடையில் நான்கு கணினிகளும் மாறி மாறி மக்கர் செய்தன. புது இயங்குதளம் போட, கணினி ரிப்பேர் பார்க்கும் நம் வயர் மாமாவை அம்மா கூப்பிட்டாள். முதல் கணினி சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, "இதே பெயரில் ஒரு கணினி வலையமைப்பில் ஏற்கெனவே உள்ளது" என்று சிவப்பில் காட்டி நின்றுவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே. மாமா கேபிளைச் சந்தேகித்தார், மாற்றினார். சுவரில் இருக்கும் பெட்டியைச் சந்தேகித்தார், கழற்றினார். மேசைக்கு அடியில் தவழ்ந்து, தலையை இடித்துக்கொண்டு, என்னைச் சந்தேகித்தார். "நீ எதையாச்சும் அமுக்கினியா?" நான் அமுக்கவில்லை அப்பா. எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. எழுந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: அவர் மேசைக்கு அடியில் இருக்கும்போதெல்லாம் திரை பெயர் கேட்க, அம்மா நான்கிலும் உங்கள் பெயரையே தட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர் வைக்கணும்மா! ஒண்ணையொண்ணு கூப்பிடுறதுக்கான பேரு!" என்றார் மாமா.

"எனக்கென்ன தெரியும்? 'கடை உன் பேர்லயா இருக்கு?'ன்னு அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி கேட்டாரே. அதான் அவர் பேரையே போட்டேன்."

மாமா சிரிக்கத் தொடங்கி, அம்மா முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். அப்பா, நீங்கள் அதைக் கோபத்துலதான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா அம்மாவுக்குத் தெரியலையே, அவ இப்ப கல்லாப் பக்கமே உட்கார மாட்டேங்கிறா, வர்றவங்க "சார் எங்க?"ன்னா "வந்துருவார்"ங்கிறா, எப்பன்னு கேட்டா பிரிண்டரைத் துடைக்கிறா. மூன்று கணினிகள் பாதியில் நிற்கின்றன. நீங்கள் பெயர் வைத்தால்தான் முடியும். உடனே வாங்கப்பா.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் என் பணிவான வணக்கம்.

உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: அம்மா இதைப் படித்துவிட்டாள். "மெஷினைக் காரணம் காட்டி யாரையும் கூப்பிட வேணாம்" என்று சொல்லி, அவளே உட்கார்ந்து மூன்றுக்கும் பெயர் வைத்தாள். ஒன்றுக்கு என் பெயர், ஒன்றுக்குத் தம்பி பெயர், யோசித்து யோசித்து ஒன்றுக்கு அவள் பெயர். எல்லாம் ஓடுகின்றன. ஆகவே நீங்கள் கணினிக்காக வர வேண்டியதில்லை. முதல் கணினியில் இருக்கும் உங்கள் பெயரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"அது தப்பு ஒண்ணும் காட்டலையே, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.