கொலுசு கட்டிய மின்முனை

தூங்கும் குழந்தையின் காலிலிருந்து கொலுசுகளைக் கழற்றி, கழிவறை கழுவும் பிளீச்சில் ஊறப்போடும் ஒரு பெண்ணின் மண்டைக்குள் அந்த நேரத்தில் என்னதான் ஓடும்? இத்தனைக்கும் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அளப்பதுதான் அவள் படிப்பு. அந்தப் பெண் நான்தான். பதில் இன்னும் தெரியவில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூளையில் சுரக்கும் டோபமைனை, முடியைவிட மெல்லிய கார்பன் இழையால் அளக்கும் வேலை. (எலி மூளைக்கெல்லாம் இன்னும் போகவில்லை. பீக்கரில் உப்புக் கரைசல், அதில் ஒரு சொட்டு டோபமைன், அவ்வளவுதான்.) இழைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் டோபமைன் மின்னோட்டமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க, பிளீச்சில் கருக்க வைத்த சுத்த வெள்ளிக் கம்பி ஒன்று (ரெஃபரன்ஸ் மின்முனை என்போம்) கூடவே நிற்க வேண்டும். அது தடுமாறினால் எல்லாம் தடுமாறும்.

ஆய்வுக் குழு முன் இதைச் செய்து காட்டும் நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தேன். ஒரு முறை பிரசவம், ஒரு முறை பாப்பாவுக்குக் காய்ச்சல். “இந்தத் தடவையும் இல்லைன்னா உன் பதிவையே ரத்து பண்ணிருவாங்கம்மா” என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். செய்து காட்டும் நாளுக்கு முந்தின நாள் மாலை, கழுவும்போது, இருந்த ஒரே வெள்ளிக் கம்பியும் தொட்டியின் ஓட்டைக்குள் போனது. புதுக் கம்பி வரப் பத்து நாளாகும்.

வேறு ஊர்க்காரி அழுதிருப்பாள். நான் சேலத்துக்காரி. தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை இருக்கும் ஊரில் வெள்ளிக்கா பஞ்சம்?

ராத்திரி ஊறப்போட்ட பாப்பாவின் கொலுசுகள் காலையில் அழகாகக் கருத்திருந்தன. (ஒன்று போதும். ஒருவேளை போதாவிட்டால் என்று இரண்டையும் போட்டேன்.) ஒன்றை எடுத்துக்கொண்டேன். மற்றதைக் கழுவி மேசைமேல் வைத்தேன், மாலையில் தேய்த்துவிடலாம் என்று.

குழுவினர் மூவர் எதிரில் அமர்ந்தார்கள். பீக்கரில் கொலுசைக் கம்பிபோல நீட்டித் தொங்கவிட்டு, கரைசலைக் கலக்கும் கருவியைப் போட்டேன்.

கிணிங். கிணிங்.

கொலுசின் சலங்கை முத்துகளைக் கழற்ற மறந்திருந்தேன். மூவரும் தங்கள் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு பீக்கரைப் பார்த்தார்கள்.

“டோபமைன் வந்தா மணி அடிக்குமாம்மா?” என்றார் மூத்த பேராசிரியர்.

திரையில் கோடு ஊர்ந்தது. டோபமைனின் மேடு ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. உறுதிக்காகக் கொலுசு வெள்ளியில் செம்பு கலப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ரெஃபரன்ஸ் கம்பி எங்க வாங்கினீங்க?” என்றார் குழுவில் இன்னொருவர்.

சொல்லலாமா? சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். நான் தடுமாறும்போதே மாமியாரிடமிருந்து நான்காவது அழைப்பு. பயந்துபோய் எடுத்தேன். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

“ஏங்கண்ணு, பாப்பா கொலுசுல ஒண்ணக் காணோம், இன்னொண்ணு கன்னங்கரேர்னு கெடக்குது! புள்ளைக்கு ஒடம்புல என்னமோ கோளாறு. ஊட்டப் பூட்டிட்டு அஸ்தம்பட்டி டாக்டருகிட்டப் போயிட்டிருக்கறோம்!”

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வெள்ளி கருக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இனி மறைக்க வழியில்லை.

“பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்கத்தை. நான்தானுங்க பிளீச்சுல போட்டேன். இன்னொண்ணு இங்க பீக்கர்ல இருக்குதுங்க.”

“கொலுசக் கருக்கறதுக்கு நீ படிக்கோணுமா சாமி?” என்றார் மாமியார்.

மூத்தவர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிவு ரத்தாகாமல் தப்பியது. “சுத்த வெள்ளியோடு மறுபடி செய்து காட்டவும். இதுவே கடைசி வாய்ப்பு” என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார். இப்போது வீட்டில் எது கருகினாலும், தோசையானாலும், “எம் மருமக ஆராச்சி பண்ணிருக்கறா” என்கிறார் மாமியார். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டதும் பிள்ளைகளின் காலைப் பொத்திக்கொள்கிறார்கள்.

பிரச்சினை, அந்தத் தேதி. அன்றுதான் பாப்பாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பத்திரிகை அடித்து, ஓமலூர் வரை கொடுத்தாகிவிட்டது. மறுபடி தேதி கேட்டால் குழு என்னை விடாது. காதுகுத்துக்குத் தாய் இல்லாவிட்டால் சொந்தம் விடாது. “அவிங்களையும் கோயிலுக்கே வரச் சொல்லீரு கண்ணு, அங்கயே செஞ்சு காட்டிக்கலாம்” என்கிறார் மாமியார். அதையும் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதுதான் கவலை.

கைக்குழந்தையோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சொல்லுங்கள்: நான் யாரிடம் போய்த் தேதி கேட்பது?