வீட்டைவிட்டு இறங்க மாட்டேன்

எங்கள் அப்பா கட்டிய வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்று நான் சபதம் செய்தேன். அதுவும் சும்மா இல்லை. ஆப்பிள் நறுக்கிக் காயப்போட ஊரே எங்கள் வீட்டில் கூடியிருந்த அன்று, போதகர் முன்னிலையில், கையில் கத்தியோடு!

வீடு இருந்தது குன்றின் உச்சியில். ஊற்று இருந்தது குன்றின் அடியில். தண்ணீர் சுமந்தது என் மனைவி கெசையா. இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை.

"என்னங்க, ஊத்துப் பக்கமா போயிடுவோமா? போன பனியில வழுக்கி விழுந்த இடுப்பு இன்னும் நேராகல" என்றாள்.

"கெசையா, வெர்மான்ட் மாகாணத்துலயே ஒசந்த எடமாப் பார்த்து எங்கப்பா கட்டின வீடு இது!"

"ஒசந்த எடம்தான். உங்கம்மா அந்த ஒசரத்துக்குத் தண்ணி சுமந்து சுமந்தே இன்னும் ஒசரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இந்த வீட்டைவிட்டு நான் எறங்க மாட்டேன்! வேணும்னா அந்த ஊத்து வாசலுக்கு வரட்டும். வந்தா தெனமும் நானே தண்ணி எடுக்கிறேன்!"

பக்கத்துப் பண்ணை லெமுவேல் கைதட்டினான். கெசையா கோபப்படவே இல்லை. போதகரைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, நீங்க கேட்டீங்கல்ல?" என்றாள். கேட்டேன் என்றார். அந்த நிமிஷமே நான் பயந்திருக்க வேண்டும். நானோ இன்னொரு ஆப்பிளை எடுத்துக் கடித்தேன்.

அதன் பிறகு அவள் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. வேறு சில சில்லறை வேலைகள்தான் சொன்னாள். ஊற்றுப் பக்கத்தில் பால் குளிர வைக்க ஒரு கொட்டகை வேண்டும், அதற்குக் கல்லடுக்கி அடித்தளம் போடுங்கள் என்றாள்.

"பால் வைக்க எதுக்கு இவ்வளவு பெரிய தளம்? நம்ம வீட்டு அளவுக்கு இருக்கே!"

"மாடு பெருகாதா என்ன?"

நல்ல பதில். போட்டுக் கொடுத்தேன். பாரமான கல் புகைபோக்கி புகைகிறது, இடித்துவிட்டு இரும்பு அடுப்பு வைப்போம் என்றாள். இடித்தேன். வீட்டின் அடிக்கட்டை உளுத்துவிட்டது, மாற்ற நெடிய மரம் இரண்டு வெட்டுங்கள் என்றாள். எங்கள் காட்டிலேயே நெடிய மரங்களாக வெட்டினேன்.

"நுனியைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைவாச் செதுக்குங்க."

"அடிக்கட்டைக்கு எதுக்கு வளைவு?"

"அழகா இருக்கும்."

அழகாகத்தான் இருந்தது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். பனி இறுகியதும் லெமுவேலும் நாலு பேரும் வந்து வீட்டை நெம்பித் தூக்கி, அந்த மரங்களை அடியில் செருகிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தேன். குன்றேறி மாடுகள் வந்துகொண்டிருந்தன. ஜோடி ஜோடியாக, நுகம் பூட்டி, மூக்கில் புகைவிட்டுக்கொண்டு. அந்த ஜில்லாவில் அத்தனை மாடு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்போதுதான் புரிந்தது. நான் செதுக்கியது அடிக்கட்டை இல்லை. பனியில் சறுக்கி ஓட ஒரு வண்டி! அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது என் வீடு!

"டேய் லெமுவேல்! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும் ஜாபெஸ்? எங்க வீட்டுப் புள்ளைங்க அத்தனையும் கெசையா அக்கா கையிலதான் பொறந்துச்சு. இங்க நிக்கிற எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். உன் கையில என்ன பொறந்துச்சு?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். உள்ளே போய் அப்பாவின் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "நான் எறங்க மாட்டேன்! ஆளோட வீட்டை எவன் இழுக்கிறான்னு பார்க்கிறேன்!"

"உங்களை யாரு எறங்கச் சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே கெசையா வந்தாள். அவள் கையில் அகலமான பெரிய சட்டி. விளிம்பு வரை பாலேடு. "கொஞ்சம் இதைப் பிடிங்க. வெண்ணெய்க்காக வாரம் பூரா சேர்த்தது."

மடியில் வைத்தாள். போய்விட்டாள்.

எழுந்தால் சிந்தும். கத்தினால் சிந்தும். தும்மினாலும் சிந்தும். எனக்கோ வெண்ணெய் என்றால் உயிர். வெளியே லெமுவேலின் குரல் கேட்டது. நுகங்கள் முனகின. வீடு ஒரு பெருமூச்சு விட்டது. எங்கள் தொழுவம் ஜன்னலைவிட்டு மெதுவாக நகர்ந்து போனது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்துவிட்டது. பாதி மாடுகள் முன்னால் இழுத்தன. சரிவில் வீடு பாய்ந்துவிடாமல் மீதிப் பாதி பின்னால் பிடித்து நிறுத்தின. எங்கள் குடித்தனமும் இத்தனை நாளாக இப்படித்தான் நடந்திருக்கிறது, பின்னால் பிடித்தது யார் என்று எனக்குத்தான் தெரியவில்லை. அலமாரியில் ஒரு கோப்பை உடையவில்லை. சுவர்க் கடிகாரம் நிற்கவில்லை. கெசையா எல்லோருக்கும் முன்னால் பனியில் நடந்து, அந்தச் சாய்ந்த இடுப்போடு, கையை வீசி வழிகாட்டினாள். அவளை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கண் கலங்கியது. துடைக்க முடியவில்லை, கையில் சட்டி.

'பால் கொட்டகை'த் தளத்தின் மேல் வீடு போய் உட்கார்ந்தது. அளவு கச்சிதம். நான் போட்ட தளமாயிற்றே!

கெசையா உள்ளே வந்து சட்டியைப் பார்த்தாள். "ஒரு சொட்டு சிந்தலையே! கெட்டிக்காரர்தான்."

"நான் வீட்டைவிட்டு எறங்கலை. கவனிச்சியா?" என்றேன், விறைப்பாக.

"எறங்கவே இல்லையே! ஊரே பார்த்துச்சு. சொன்ன சொல் தவறாத மனுஷன்னு இனிமே எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் மடியிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். வாசற்படியை ஒட்டி ஊற்று சலசலத்தது. அதன் கரையில் போதகர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இவர் சொன்னதுல இன்னொண்ணு பாக்கி இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றார் போதகர்.

சட்டி இருந்த மடியில் ஒரு வாளி வந்து உட்கார்ந்தது.

நான் வீட்டைவிட்டு இறங்கினேன்.