பதில் சொல்லாத பெட்டி

மேற்பிரிவு லயம்,
ஹாலிஎல.

மாப்பிள்ளை கிஷாந்தன் அவர்களுக்கு,

அம்மாயி மாரியாயி எழுதிக்கொள்வது. நான் சுகம். எங்கள் லயத்து வரிசை வீடுகளும் இதுவரை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கொழும்பில் நீங்கள் இருவரும் சுகமென்று பேத்தி துஷாந்தினி போனில் சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. கல்யாணத்தன்றும் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று மூன்று தரம் கேட்டேன், போனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீலச் சட்டை, வெள்ளிக்கிழமை; எனக்கு எதுவும் மறக்காது.

விஷயம், நீங்கள் கூரையில் மாட்டிப் போன, மழையை அளக்கிற பெட்டி. மேலே மண்மேடு பிளந்திருக்கிறது. மழைக்கணக்கைக் காட்டினால்தான் ஐந்து குடும்பத்துக்கும் வேறிடம். மீரியபெத்தையில் மண் சரிந்து லயத்தையே மூடிய பிறகு மழையென்றால் எங்களுக்குத் தூக்கமில்லை. பெட்டி சின்னது, அதனால் உள்ளே ஒரே புரோகிராம்தான், கூப்பிடுகிற பேருக்கு ஏற்ற வேலை பார்க்கும் என்றீர்கள். ஒரே காம்பராவில் சமைத்து, படுத்து, சாமி கும்பிட்ட எனக்கு அது அதிசயமில்லை. பெட்டியிலிருந்து வயர் இழுத்து வைத்த திரையில் தட்டச் சொல்லி நீங்கள் எழுதித் தந்த மூன்று வரியில் முதல் வரி கணக்கைக் காட்ட, அதைத் தினம் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது, அதில் சொருகிய யுஎஸ்பி குச்சியில் கணக்கை ஏற்ற. தட்டினேன், பதிலில்லை. மறுபடி தட்டினேன், ஒரு 'ம்' கூட இல்லை. இதைத்தான் மதிக்கவில்லை, அடுத்ததையாவது மதிக்குதா பார்ப்போமென்று மூன்றாவதையும் தட்டினேன். அது பெட்டியில் உள்ள கணக்கை அழிக்கிற வரி. அழிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பிறகு முதல் வரியைத் தட்டினால் அப்போதுதான் வாயைத் திறக்குது, இங்கிலீசில். விஜிதா டீச்சர் வாசித்து, "அப்படி ஒன்னும் இல்லையாம் அம்மாயி" என்றாள். குற்றம் சொல்ல மட்டும் வாய் திறக்கிற கங்காணியை நான் முப்பது வருஷம் பார்த்தவள். குச்சியைப் பிடுங்கி அஞ்சறைப் பெட்டியில் எறிந்தேன்.

நேற்று, வேறிடம் கொடுக்க எழுதுகிற ஆபிசர் இரகுநாதன் ஐயா மழைக்கணக்குக் கேட்டு வந்தார். நாற்பத்தொரு நாளையும் ஒப்புவித்தேன். தீபாவளிக்கு மறுநாள் எண்பத்தாறு மில்லிமீட்டர், இராக்கம்மா என் கறிவேப்பிலையைக் கேட்காமல் ஒடித்த அன்று பன்னிரண்டு. "ஆச்சி, நீங்கள் சொல்லுறது சரியா இருக்கும். ஆனா ஞாபகத்தை ஃபைலில வைக்கேலாது" என்று எழுந்து போய்விட்டார். ஆகவே, வந்து உங்கள் பெட்டியைக் கழற்றிப் போகவும்.

மாரியம்மன் உங்களுக்கு எல்லாம் தரட்டும், பேச்சையும் சேர்த்து.

இப்படிக்கு,
மாரியாயி

பி.கு: உறையை ஒட்டுமுன் விஜிதா டீச்சர் வந்து, சீரகத்துக்குள் கிடந்த குச்சியைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். நாற்பத்தொரு நாளும் இருக்கிறது, கறிவேப்பிலை அன்றைய பன்னிரண்டு உட்பட. ஐயா வாங்கிக்கொண்டு இடம் மாற்ற எழுதிவிட்டார். பெட்டி அங்கேயே இருக்கட்டும். சொன்னதைச் செய்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால், கல்யாணத்தன்று நீங்களும் சாப்பிட்டுத்தான் இருப்பீர்கள்.