பொய்யி அண்ணன் கொண்டுவந்த கடைசி ரீல்

ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பிக் காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்துவிட்டோம். நானும் பொய்யி அண்ணனும் முன்னால் நடந்தோம். நாங்கள் ஓட்டிய சைக்கிள்கள் கொட்டகை முதலாளியுடையவை. வேலையோடு அவையும் போய்விட்டன. அண்ணனின் மனைவி அன்னம்மா பத்தடி பின்னால் வந்தார். அந்நிய ஆண்களோடு ஒட்டி நடக்கலாமா என்ற கூச்சம் அவருக்கு.

சினிமாக் காதலை இந்த அண்ணன் வெறுத்த அளவுக்கு வெறுத்த மனிதர் காவிரிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. கதாநாயகன் உருக ஆரம்பித்தால் கொட்டகை அதிர "பொய்யி!" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரே படத்தை வைத்து இரண்டு கொட்டகை ஓட்டுவார்கள். திருச்சியில் ஓடி முடிந்த ரீலை டப்பாவில் போட்டு, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் சேர்க்க வேண்டும். நானும் அவரும் மாறி மாறி மிதித்தோம். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய நான் அதுவரை பார்த்த வேலைகளில் பசி குறைவாக இருந்தது இதில்தான்.

ரீலைக் கொடுத்துவிட்டு அண்ணன் கதவோரம் நிற்பார். திரையில் காதலன் நிலவைக் காட்டிப் பாடுவான். "முதல்ல அவ சாப்பிட்டாளான்னு கேளுடா!" என்பார் இவர். சிரிப்பு நடிகருக்குக் கிடைக்காத சிரிப்பு இவருக்குக் கிடைக்கும். ஒரு படத்தில் நினைவிழந்த கதாநாயகி மாடிப்படியில் உருண்டு விழுந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்து, "அத்தான்!" என்றாள். அண்ணன் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்.

"பொய்யிடா! மண்டையில அடிபட்டா மண்டைதான்டா வலிக்கும்!"

முதலாளி ஓடி வந்தார். "யோவ், என் படத்தைக் கெடுக்கவா நீ சம்பளம் வாங்குற?"

"இந்தப் பொய்யை அக்கரையிலேருந்து சுமந்துட்டு வர்றவன் நான்தானுங்களே முதலாளி!"

பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்த அன்னம்மாவுக்கு மாதா கோவில் பாட்டுகள் நினைவில் இருந்தன. மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதும் நினைவில் இருந்தது. கணவர் மட்டும் நினைவில் இல்லை. அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றார்.

"அங்கயே வச்சிட்டுப் போங்க. கோவில் சாமியார் அனுப்புன ஆளா நீங்க?"

"ஆமாங்க," என்றார் அண்ணன்.

அன்னம்மா வாசலிலேயே சோறு போட்டார். அண்ணன் அங்கேயே தின்றுவிட்டு, தெருவில் பாய் விரித்தார். பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. "கல்யாண போட்டோவைக் காட்டுங்கண்ணே," என்றேன்.

"காட்டாமலா இருப்பேன்? பொண்ணு லட்சணமா இருக்கு, மாப்பிள்ளைதான் சுமார்னுட்டா."

பிறகு ஒரு படம் வந்தது. அதிலும் கதாநாயகிக்கு நினைவு தப்பிவிடுகிறது. கதாநாயகன் பழைய பாட்டெல்லாம் பாடிப் பார்க்கிறான். கடைசி ரீலில் அவள், "நீங்க யாரு?" என்று கேட்கிறாள். "எதிர்வீடுங்க," என்கிறான். அவ்வளவுதான் படம். முதல் நாளே ஜனங்கள் பெஞ்சை உடைத்தார்கள். அண்ணன் மட்டும் வாயே திறக்கவில்லை.

முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஸ்ரீரங்கத்துக்குக் கடைசி ரீல் வேணாம். பாட்டோட முடிஞ்சதுன்னு ஜனம் போகட்டும். மீறிக் கொண்டாந்தீங்க, ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அண்ணன் அன்னம்மாவை அழைத்து வந்து பெண்கள் பக்கம் உட்கார வைத்தார். சாமியார் அனுப்பியதாகச் சொன்னால்தான் வருவார். அதையும் சொல்லியிருந்தார்.

"அவ தன்னையே குத்தம் சொல்லிக்கிறாடா," என்றார் என்னிடம். "ஏதோ மறந்துட்டோம்னு தெரியுது, என்னன்னு தெரியல. உக்காந்து அழறா. மறந்து போனாலும் பொழைக்கலாம்னு ஒரு படமாவது சொல்லுதுல்ல? அதைப் பாக்கட்டும்."

"வேலை போயிடும்ணே."

"எனக்குப் போவும். நீ ஒதுங்கிக்க."

நான் ஒதுங்கவில்லை. திருச்சியிலிருந்து கடைசி ரீலை அவர் ஏற்றிக் கிளம்பினார். பாலத்தில் எதிர்க்காற்று. வாங்கி நான் மிதித்தேன். ஆபரேட்டருக்கு முதலாளியின் உத்தரவு தெரியாது, வந்ததை மாட்டினார்.

"எதிர்வீடுங்க" என்று அவன் சொன்னதும் கொட்டகை முழுக்க, "பொய்யி! பொய்யி!" என்று கத்தியது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வாசலிலேயே எங்கள் கணக்கை முடித்துவிட்டார் முதலாளி.

பாலம் முடியும் இடத்தில் பின்னாலிருந்து அன்னம்மாவின் குரல் வந்தது. "படத்துல அந்தப் பொம்பளை பாவங்க. அது மேல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லீங்க," என்றார் அண்ணன்.

வீட்டு வாசலில் அண்ணன் பாயை எடுத்தபோது தூறல் விழுந்தது. அன்னம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். "உள்ளாற வந்து படுங்க. இன்னிக்கு மட்டுந்தான்."

விடிந்ததும் போனேன். அண்ணன் தெருவில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால், "யாருய்யா நீ? எப்படி உள்ள வந்தே?" என்று அன்னம்மாவின் குரல்.

"ராத்திரி உள்ள கூப்பிட்டதையும் மறந்துட்டா. விளக்கமாத்தால அடிச்சா," என்றார் அண்ணன். "இந்த சீன் படத்துல இல்லப்பா." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்னார்புரத்தில் ஒரு லாரி ஷெட்டில் மூட்டை இறக்க ஆள் கேட்டார்கள். நாள் முழுக்க நிற்கிற ஆள்தான் வேண்டும் என்றார் மேஸ்திரி. மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு யாராவது வந்து நின்றால்தான் அன்னம்மா அடுப்பு மூட்டுவார். அதனால் ஒரே ஆள் வேலைக்கு, ஒரே ஆள் கூலிக்கு, இரண்டு பேராகச் சேர்ந்தோம்: காலையில் அவர், மத்தியானத்துக்கு மேல் நான்.