பொட்டு வைக்காத கம்ப்யூட்டர்

எங்கள் டெஸ்டர் சாரைப் போலச் சந்தேகப்பட்ட மனிதர் திருச்செங்கோட்டில் அவருக்கு முன்னும் இல்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் நான் அட்டெண்டர். அவர் லேப் வாத்தியார். வால்வு ரேடியோ காலத்தில் வேலை பழகியவர். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் இருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் முன் கரண்ட் அடிக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார். ஈரோட்டு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் முன்பும் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் பாயச அண்டாவையும் பார்த்தார் என்பார்கள். அதற்கு நான் சாட்சி இல்லை.

அப்படிப்பட்டவரின் லேபுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சர்க்யூட்டைத் திரையில் எழுதிக் கொடுத்தால், எங்கே எவ்வளவு கரண்ட் ஓடும் என்று கோடு போட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் அதில் இருந்தது. சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பொகையே வராம எது தப்பு, எது சரின்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?" என்று எட்டாவது படித்த என்னிடம் கேட்டார்.

அந்த வருஷம் புதுச்சத்திரம் பக்கத்துப் பெண் சாந்தாமணி, கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் பெட்டி ஒன்றைப் பிராஜெக்டாக எடுத்திருந்தாள். அவள் அப்பாவின் மோட்டார் அப்படி வெறுமனே ஓடித்தான் அடிக்கடி கருகும். பிராஜெக்ட் தேறாவிட்டால் படித்தது போதும் என்று அவர் சொல்லிவிட்டார். பெட்டியோ போட்ட டிரான்சிஸ்டரை எல்லாம் தின்றது. சேலத்துக் கடைக்காரர் மட்டச் சரக்கைத் தள்ளிவிட்டார் என்றார் சார். பிறகு அதைப் பூட்டி வைத்திருந்த என் அலமாரியைச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் மிச்சம். பூஜை லீவு முடிந்ததும் பிராஜெக்டைப் பார்க்க வெளியூரிலிருந்து பரீட்சை சார் வருகிறார்.

இடையில் ஆயுத பூஜை. சால்டரிங் அயர்ன், மீட்டர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் குங்குமம் இட்டேன். சாரும் தன் டெஸ்டரைப் பயபக்தியோடு கொண்டுவந்து வைத்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஆயுதமே இல்லீங்க. வெறும் ஜோசியம்."

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மத்தியானம் சாந்தாமணி வந்து நின்றாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் பூசையில இல்லீங்கல்ல?"

யோசித்துப் பார்த்தேன். குற்றமில்லை. லேபைத் திறந்துவிட்டேன்.

சுண்டல் வாங்க வந்த சார், அவள் தன் பெட்டியின் சர்க்யூட்டைத் திரையில் எழுதுவதைப் பார்த்துவிட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பை காலி. வேறு வழியில்லாமல் அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மோட்டாரை நிறுத்தும் ரிலே சுவிட்ச் அணைகிற இடத்தில் திரையில் கோடு ஒரேயடியாக மேலே குத்தியது.

"அதென்ன சாமி, முள்ளாட்டம்?"

"ரிலே அணையறப்ப அதுக்குள்ள இருக்கற கம்பிச் சுருள் கரண்டத் திருப்பி அடிக்குதுங்க சார். அதுலதான் டிரான்சிஸ்டர் போவுதுங்க."

அந்த அடியைத் தாங்கிக்கொள்ளத் திரையில் ரிலேக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டாள். முள் மறைந்தது.

"பொய் சொல்றாட்ட இருக்குது."

"இது நெசம்னா கடைக்காரர் சரக்கு நல்ல சரக்குதானுங்களே சார்?"

சார் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, முள் இருந்த இடத்தைத் திரையில் விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் கடைசி டிரான்சிஸ்டரை டயோடோடு சேர்த்துப் பெட்டியில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பெட்டியின் கம்பிகளை வாளித் தண்ணீரில் விட்டாள். தண்ணீரை இறைத்ததும் ரிலே டக்கென்று அணைந்தது. டிரான்சிஸ்டர் சாகவில்லை. சார் மட்டும் நம்பவில்லை. சாயங்காலம் வரை ஊற்றுவதும் இறைப்பதுமாக லேபையே வயலாக்கிவிட்டார்.

பரீட்சை சார் வந்து, இதை நம்பலாமா என்று கேட்டார். அவள் வாய் திறக்கும் முன் டெஸ்டர் சார் முந்திக்கொண்டார்.

"நம்பாதீங்க சார். நானும் நம்பலீங்க. நீங்களே தண்ணிய எறச்சுப் பாருங்க."

அவர் இறைத்துப் பார்த்தார். சாந்தாமணி தேறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே சார் புதுச்சத்திரத்துக்கு பஸ் ஏறினார். வாளி வேறு, கிணறு வேறு என்றாராம். பெட்டியை மாட்டிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டும் போகாமல் கிணற்று மேட்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் வற்றி மோட்டார் தானாக நின்ற பிறகுதான் இலை முன் உட்கார்ந்தார் என்று சாந்தாமணி வந்து சொன்னாள்.

எனக்கும் ஒரு பெண் உண்டு. அவளுக்காகவும் இப்படிச் சந்தேகப்பட ஒருவரைக் கொடு சாமி என்று அன்று எங்கள் ஊர் மலைக் கோயிலுக்கு ஏறிப் போய்க் கும்பிட்டு வந்தேன்.